அக்காவுக்கு ஊற்றாத பால்

சாகக் கிடந்த அக்காவுக்குப் பால் ஊற்றவிடாமல் தடுத்தவன் என்று எங்கள் ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மைதான். ஏன் தடுத்தேன் என்று யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல வந்திருக்காது. நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச வராது. அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸம்மா ஒருநாள், "இதே நிலைமையில இருக்கற மத்த வீட்டுக்காரங்களுக்கு நீங்க சொன்னா உதவியா இருக்கும்ணா" என்றார். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுவது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கன்னியப்பன். காஞ்சிபுரம் ஜில்லாவில் பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் ரேஷன் கடையில் எடை போடுகிறேன். கார்டை வாங்கிப் பார்ப்பதும் ஜனங்களிடம் பேசுவதும் விற்பனையாளர் வேலை. அரிசியையும் சர்க்கரையையும் நிறுத்துப் பையில் கொட்டுவது என் வேலை. அதற்கு வாய் தேவையில்லை.

அக்கா பெயர் பச்சையம்மா. என்னைவிடப் பத்து வயது பெரியவள். தென்னேரிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றே வருடத்தில் புருஷன் செத்துப்போக, பிள்ளை குட்டி இல்லாமல் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போவாள். இருபது பெண்களை வரப்பில் நின்று வாயாலேயே வேலை வாங்குவாள். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள பொண்ணுக்கு நரை வந்துடும். நான் சொல்றேன், புட்ச்சி கீது" என்றாள் அக்கா. அப்படி வந்தவள்தான் என் மனைவி மல்லிகா.

அக்காவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரில் யாராவது உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். எங்கள் பக்கம் கடைசி நேரத்தில் சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாயில் பால் விடுவது வழக்கம். ஆசை அடங்கி உயிர் நிம்மதியாகப் பிரியும் என்று சொல்வார்கள். எல்லோரும் விட்ட பிறகும் போகாத உயிர், பச்சையம்மா விட்டால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அதற்கென்று ஒரு பித்தளைப் பாலாடை வைத்திருந்தாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குப் புகட்டியதும் அதில்தான் என்பாள்.

பொயிலை போடுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். அந்த இடத்தில்தான் புண் வந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினாள். வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்து, இரண்டு விரல்கூட நுழையாமல் போன பிறகுதான் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டாள். அங்கே பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டை அவளிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணின் ஓரத்தில் ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அதைப் பரிசோதித்து, புற்றுநோயா சாதாரணப் புண்ணா என்று சொல்வார்கள். அதற்குப் பயாப்சி என்று பெயர். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தக் காத்திருக்கும் கூடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். பாதிப் பேர் வாயைத் துண்டால் பொத்தியிருப்பார்கள். யாரும் யாரையும் முகத்தில் பார்ப்பதில்லை. துண்டைத்தான் பார்ப்பார்கள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டரம்மா, "கூட வந்தவர் யாரு? அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார். நான் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"அது என் தம்பிங்க. அதுங்கிட்ட சொன்னா அழுவும், பேசாது. இன்னா விசயம்னு எங்கிட்டயே சொல்லுங்க" என்றாள் அக்கா.

டாக்டரம்மா சொன்னார். கன்னத்தில் புற்றுநோய், தாடை எலும்பு வரை போயிருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும். அக்கா கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "நாப்பது வருசம் பொயில போட்டேன். கூலி இப்பதான் குடுக்கறான்" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து அவளைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, மார்பிலிருந்து சதையை அப்படியே திருப்பி ஓட்டையை அடைத்திருந்தார்கள். மல்லிகா வார்டுக்கு வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். நாலைந்து நாள் கழித்துப் பேச்சு குழறலாக வந்ததும் அக்கா மல்லிகாவைக் கிட்டே கூப்பிட்டு, "கன்னத்துல மாரு வெச்சிக்கினு சுத்தற பொம்பள இந்த ஜில்லாவுலயே நாந்தான்டி" என்றாள். பக்கத்துக் கட்டில்காரிக்கு அது புரிந்துவிட்டது. தையல் பிரியும் என்று வாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஆறு வாரம் கரண்டு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் அது கரண்டு இல்லை, கதிர்வீச்சு. கண்ணுக்குத் தெரியாத கதிரை நோய் இருந்த இடத்தில் பாய்ச்சி, மிச்சம் மீதியைச் சாகடிப்பது. பாய்ச்சும்போது வலிக்காது. ஆனால் போகப் போக வாய்க்குள் வெந்துபோய்விடும், எச்சில் ஊறாது. தினமும் பஸ்ஸில் போய்வந்தோம். பழையசீவரத்திலிருந்து ஒரு அம்மா இதே மாதிரி வருவார். மல்லிகா கொடுத்தனுப்பும் கஞ்சியை அக்கா அவருக்குப் பாதி ஊற்றிக் கொடுப்பாள். இரண்டு பேரும் கஞ்சி வழிய வழிய, ஆஸ்பத்திரியில் யார் எப்படி நடக்கிறாள் என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒரு திங்கட்கிழமை அந்த அம்மா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்கா அவருக்கென்று ஊற்றிய கஞ்சியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றினாள்.

எட்டு மாதம் நன்றாக இருந்தாள். வரப்பில் போய் நின்று குழறலாகவே திட்ட ஆரம்பித்தாள். எட்டாவது மாதம் கழுத்தில் புளியங்கொட்டை அளவு ஒன்று தட்டுப்பட்டது. ஒரு மாதத்தில் எலுமிச்சை அளவு ஆனது. ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து உள்ளே இருப்பதைத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பது. நோய் கழுத்து ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நுரையீரலிலும் புள்ளிகள் இருக்கின்றன என்று வந்தது.

"இனிமே இந்த நோயை நிறுத்த மருந்து இல்லைம்மா. வலியைக் குறைக்க இருக்கு. அதை நாங்க கடைசி வரைக்கும் தருவோம்" என்றார் டாக்டரம்மா.

"கடைசின்றது எவ்ளோ தொலவுங்க?"

"மாசக் கணக்குதான்மா."

வெளியே வந்து மருந்துக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். அக்காவின் பேச்சு அப்போது கேட்டுப் பழகினவர்களுக்கு மட்டும்தான் புரியும். அதனால் சுற்றிலும் ஆட்கள் இருந்தும் அவள் சத்தமாகவே பேசினாள்.

"டேய் கன்னீப்பா. நைனா எப்டி செத்தார்னு உனுக்குத் தெரியுமா?"

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பக்கவாதம் வந்து பதினோரு நாள் கிடந்து போனவர். எனக்கு அப்போது இருபது வயது.

"நீ பால் ஊத்துன. போயிட்டாரு" என்றேன்.

"எல்லாரும் ஒரு சொட்டு வுட்டாங்க. நானும் மொதல்ல ஒரு சொட்டுதான் வுட்டேன். அப்பறம் நீங்கள்லாம் வெளிய போனதும் பாலாட நெறைய ஊத்தனேன். முதுவு பூரா புண்ணு. ஈ மொய்க்குது. வாயும் வெளங்கல, கையும் வெளங்கல. கண்ணு மட்டும் நான் போற பக்கமெல்லாம் எம்பின்னாலயே வந்துக்கினு இருந்துச்சி. போவட்டும், இன்னாத்துக்கு இந்தப் பாடுன்னுதான் ஊத்தனேன். லேசா பொற ஏறுச்சி. அப்பறம் அடங்கிட்டாரு. நிம்மதியா போனாரு."

நான் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கப்பறம் ஊர்ல எத்தினி பேருக்கு ஊத்தனேன். அல்லாத்துக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க. எனுக்கு அந்த நாள் வந்தா நீ ஊத்து. மல்லிகா வாணாம், பயந்துக்கும். பெரீப்பா மவன் ஏழுமலை வாணாம், அவனுக்குக் கை நடுங்கும். நீதான் அரிசி நிறுக்கறவன், அளவா ஊத்துவ. இன்னா?"

மடித்த சீட்டை நான் திரும்பப் பிரித்தேன்.

"ஊம்னு சொல்லுடா."

"ஊம்" என்றேன். பேச்சை முடிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன ஊம் அது. வாழ்க்கை முழுவதும் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் அவளுக்குப் பேச்சு அடியோடு நின்றது. விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டு, அதில் கஞ்சியும் மருந்தும் விடக் கற்றுக்கொடுத்தார்கள். அவளுக்கு எழுதத் தெரியாது. அதனால் நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. அதற்கு மேல் சொல்ல வேண்டியதைக் கண்ணாலும் விரலாலும் காட்டுவாள்.

வலி அப்போதுதான் பெரிதாக வந்தது. கழுத்திலிருந்து காது, காதிலிருந்து உச்சந்தலை. கையில் கிடைத்த துணியை முறுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவாள். முனகல் மட்டும் வரும். அது நிற்கிற கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, பாலாடையைச் சாய்ப்பதுபோல மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவாள். நான் பார்க்காததுபோல எழுந்து போய்விடுவேன்.

ஒருநாள் மல்லிகாவை அவளோடு வைத்துவிட்டு நான் மட்டும் காஞ்சிபுரம் போனேன். பஸ்ஸில் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"எங்க அக்காவுக்கு சீக்கிரம் முடிஞ்சிடற மாதிரி ஊசி ஏதாவது கீதுங்களா?"

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இந்தக் கேள்வியை இந்த நாற்காலியில உக்காந்து நிறைய பேர் கேட்டிருக்காங்க. அந்த ஊசியை நான் போட முடியாது. சட்டத்துல இடமில்ல. இடம் இருந்தாலும் என் கை போகாது. ஆனா உங்க அக்கா வலியோடதான் சாகணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. அவங்க இவ்வளவு வலியில இருக்காங்கன்னு ஏன் முன்னாடியே வந்து சொல்லல?"

எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை, அதுதான் காரணம். மூன்று வாரம் அவள் துடித்தது என் கூச்சத்தால். இதை எழுதும்போதும் கை நிற்கிறது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மார்பின் என்று ஒரு மருந்து இருக்கிறது. வலிக்காகவே உள்ளது. டாக்டர் சொன்ன அளவில் நேரம் தவறாமல் கொடுத்தால் வலி அடங்கும். அது ஆளைக் கொல்வதற்கில்லை. இன்னொன்றும் சொன்னார். மூச்சுத் திணறல் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தொண்டையில் குழாய் போட்டு மிஷினில் மூச்சு விட வைக்கலாம். அதனால் நோய் குணமாகாது, சாவு மட்டும் தள்ளிப்போகும். அந்த மிஷின் வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை இருக்கிறது. அடுத்த முறை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனபோது, மிஷின் வேண்டுமா என்று அவளிடமே கேட்டார். அவள் டாக்டரம்மாவின் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினாள். காகிதத்தில் கைநாட்டு வைத்தாள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊசி போட்டு முடிப்பது கூடாது, மிஷினில் போடாமல் விடுவது கூடும். டாக்டரம்மா சொன்னபோது அந்தக் கோடு எனக்கு நன்றாகவே தெரிந்தது. வீட்டுக்கு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் மங்கிப்போனது. அவள் கேட்பது ஒன்றுதான். நான் அவளுக்கு ஊம் சொன்னவன்.

மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள் வலி அடங்கியது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவள் ஓரளவு மனுஷியாக இருந்தாள். சாய்ந்து உட்கார்ந்தாள். மல்லிகா தினம் தலை வாரிவிடுவாள். நடவுக்குப் போகும் பெண்கள் வந்து, யார் நாற்றை எப்படி நட்டாள் என்று கோள் சொல்வார்கள். அக்காவுக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். சாப்பிட முடியாது. அதனால் மல்லிகா வாரத்துக்கு ஒருநாள், வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்றாலும், அக்கா படுத்திருந்த அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கருவாடு வறுப்பாள். அக்கா கண்ணை மூடி மோந்துகொண்டிருப்பாள். அந்த ஐந்து வாரத்தில் அவள் ஒருமுறைகூடப் பாலாடையைச் சாய்த்துக் காட்டவில்லை.

நர்ஸம்மா வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். ஒருநாள் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். கடைசியில் எங்கள் பக்கம் பால் ஊற்றுவார்கள், ஊற்றலாமா என்று.

"வேணாம்ணா. அவங்களால விழுங்க முடியாது. வாயில ஊத்தினா வயித்துக்குப் போகாது, நேரா நுரையீரலுக்குப் போயிடும். மூச்சு முட்டிடும். வழக்கத்தை விட முடியலன்னா பஞ்சுல நனைச்சு உதட்டுல தொட்டு வைங்க, போதும்."

"ஊத்துனா நிம்மதியா போயிடும்பாங்களே."

"அப்புறம் அசையாம இருப்பாங்க. பாக்கறவங்களுக்கு நிம்மதி மாதிரி தெரியும்."

"நெனப்பு இருந்தா?"

"நினைவு இருந்தா தண்ணியில முங்கற மாதிரிதாண்ணா இருக்கும். கத்தவும் முடியாது, கையைத் தள்ளவும் முடியாது."

அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரை அங்கேயே நின்றேன். நைனாவின் கண் எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா போகிற பக்கமெல்லாம் போன கண். முப்பது வருடம் அவள் அதை நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை அவளிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபம். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

ஆனால் அங்கேதான் தப்பு செய்தேன். பாலாடையை ஏன் எடுக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்ன ஊம்மைத் திரும்ப வாங்கவும் இல்லை. அப்படியே நாளைத் தள்ளினேன்.

ஆறாவது வாரம் அவள் கஞ்சியை வேண்டாம் என்றாள். விட்டால் திரும்பி வந்தது. தூக்கம் அதிகமானது. ஒரு வியாழக்கிழமை காலை மூச்சு கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. தொண்டையில் சேர்கிற சளியை வெளியேற்றத் தெம்பில்லாததால் வருகிற சத்தம் அது, அவர்களுக்கு அவ்வளவு கஷ்டம் தெரியாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். போன் பண்ணினேன். வருகிறேன் என்றார். அதற்குள் சத்தம் தெருவுக்குக் கேட்டுவிட்டது. சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணன் சொம்பில் பாலோடு வந்தார். வீட்டில் வயதில் மூத்த ஆம்பிளை அவர்தான். பரண்மேல் இருந்த பாலாடையை அவரே எடுத்துத் துடைத்து, பாலை ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கற? கூடப் பொறந்தவன் நீதான். மொதல்ல நீ ஊத்து."

"வாணாம்ணே."

"இன்னாது?"

"பஞ்சுல நனைச்சி ஒதட்டுல வெக்கலாம். ஊத்த வாணாம்."

பின்னால் யாரோ ஒரு பெண்பிள்ளை, "ரேசன் கடைக்காரன் பாரு, சாவற பொம்பளைக்குக் கூட எட கொறைக்கறான்" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். மல்லிகா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா கண்ணைத் திறந்தாள். பால் வாசனைக்கா, எங்கள் சத்தத்துக்கா தெரியவில்லை. என்னைத் தேடிப் பார்த்தாள். பாய்மேல் கிடந்த கையை மெதுவாக அசைத்து இரண்டு விரலைச் சேர்த்தாள். மணிக்கட்டு திரும்பியது.

"தோ, அதுவே கேக்குது பார்ரா. ஊர்ல அத்தினி பேருக்கு ஊத்தன கை. அதுக்கு ஊத்த ஆளில்லாம போச்சா? நவுரு" என்று ஏழுமலை அண்ணன் பாலாடையை அவள் வாயருகே கொண்டுபோனார். அவர் கை நடுங்கியது. அக்கா சொன்னது சரிதான்.

நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன். பால் பாயில் கொட்டியது. பாலாடை உருண்டு சுவரோரம் போனது.

"ஊத்துனா மூச்சு முட்டி சாவும்ணே. தண்ணியில முங்கி சாவற மாதிரி சாவும். நைனா அப்டித்தான் செத்தாரு."

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. வீடு அடங்கிவிட்டது. கரகர சத்தம் மட்டும் இருந்தது. நான் எல்லோரையும் பார்த்தேன். கடைசியாகத்தான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண் என்மேல் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அவள் விரல்கள் பிரிந்தன. கை பாயில் விழுந்தது.

ஏழுமலை அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். நர்ஸம்மா வந்து, சளி குறைய ஒரு ஊசி போட்டார். சத்தம் தணிந்தது. மல்லிகா பாயைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நானும் அக்காவும் தனியாக இருந்தோம்.

அவள் காதருகே குனிந்தேன். "அக்கா. நைனாவுக்கு அப்ப நெனப்பே இல்ல. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

வெகுநேரம் அசைவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழப்போனேன். அவள் விரல் என் மணிக்கட்டைத் தேடி வந்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

இல்லை.

அந்தக் கண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். என் பொய்யை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் தட்டிய கையை எடுக்கவும் இல்லை. அப்படியே என் மணிக்கட்டின்மேல் வைத்திருந்தாள். சாயங்காலம் மல்லிகா விளக்குப் போட வரும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

இன்னும் இரண்டு நாள் இருந்தாள். மருந்தை நேரத்துக்குக் கொடுத்தோம். வலி இருக்கிறதா என்று கேட்டால் இரண்டு தட்டு. பஞ்சில் பாலைத் தொட்டு உதட்டில் வைத்தால் தடுக்கவில்லை. பாலாடையைச் சாய்த்துக் காட்ட அவள் விரல் திரும்ப அசையவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மல்லிகா தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு. நீண்ட இடைவெளி. இன்னொரு மூச்சு. மூன்றாவதுக்கு இரண்டு பேரும் காத்திருந்தோம்.

அந்த இரண்டு நாள் அவளுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி சரிதான். அந்த நாட்களில் அவள் என்ன நினைத்துக்கொண்டு கிடந்தாள் என்று எனக்குத் தெரியும். நைனாவைத்தான். அதை அவள் தலையில் கட்டியனுப்பியவன் நான். மறுபடி அந்த வியாழக்கிழமை வந்தாலும் பாலாடையைத் தள்ளித்தான் விடுவேன். ஆனால் புங்கமரத்தடியில் ஊம் சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்குக் குரல் இருந்தபோதே, "என்னால முடியாது அக்கா, ஆனா வலியில வுட மாட்டேன்" என்று சொல்லியிருப்பேன். திட்டியிருப்பாள். திட்டி முடித்திருப்பாள். உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் அப்படிக் கேட்டால், பேச்சை முடிப்பதற்காக ஊம் சொல்லாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்காவைச் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் புதைத்தோம். எங்களில் மறுநாள் காலை புதைத்த இடத்தில் பால் தெளிப்பார்கள். ஏழுமலை அண்ணனும் வந்திருந்தார். என்னிடம் பேசவில்லை. சொம்பை மட்டும் நீட்டினார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த பாலாடையில் பாலை நிரப்பி, தலைமாட்டில் உட்கார்ந்து, அளவாகச் சாய்த்தேன். ஈரமண் அதைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டது. திரும்பவும் நிரப்பினேன். சொம்பு காலியாகும் வரை ஊற்றினேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.